டொயோட்டா டகோமாவைக் கரடுமுரடான பாதைகளுக்குத் தயார்ப்படுத்துதல்: எடையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நடுத்தர அளவுப் பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது பல ஆண்டுகளாக முதலில் வரும் பெயர் டொயோட்டா டகோமா. 1995இல் அறிமுகமான இந்த வண்டியின் மூன்றாம் தலைமுறை 2016 முதல் 2023 வரை விற்பனையானது. பழைய வண்டிச் சந்தையில் இன்று எளிதில் கிடைப்பதும், உதிரி பாகங்களுக்குக் குறைவே இல்லாததும் அந்தத் தலைமுறைதான். ஆகவே 3.5 லிட்டர் வி6 எஞ்சின், நான்கு கதவுகள், நான்கு சக்கர இயக்கம், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட டி.ஆர்.டி. ஆஃப்-ரோடு வகையை இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன். மற்ற நடுத்தரப் பிக்கப்புகளுக்கும் வரிசை இதுவேதான். அளவுகள் மட்டும் மாறும்.

எந்தப் பயணத்துக்காக வண்டியை மாற்றுகிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் பணம் எங்கே போயிற்று என்பதும் தெளிவாக இருக்காது. இங்கே நம் இலக்கு யூட்டா மாநிலத்தின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள ஒயிட் ரிம் சாலையைப் போன்ற ஒரு பயணம். ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மண்சாலையில் குடிநீர் எங்கும் கிடைக்காது. உள்ளே செல்ல முன்அனுமதி வேண்டும். தரை இடைவெளி மிகுந்த, லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்) வசதியுள்ள நான்கு சக்கர வண்டி கட்டாயம் என்று பூங்கா நிர்வாகம் விதித்திருக்கிறது. இரண்டு பேர், மூன்று நாள், தங்குவதற்கான பொருள்கள் என்று வைத்துக்கொள்வோம். பாறை ஏறுவதையே விளையாட்டாகக் கொண்டவர்களின் தேவை வேறு. அவர்களுக்கு இந்த வழிகாட்டி பாதிதான் உதவும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் வண்டி வாங்கிய கையோடு செய்யும் முதல் வேலை அதை உயர்த்துவது. என் கருத்தில் அது ஏறக்குறையக் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஸ்பிரிங் என்பது குறிப்பிட்ட எடையைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படும் பொருள். வண்டியின் இறுதி எடை தெரியாத நிலையில் அதை வாங்குவது வெறும் ஊகம்.

படி 1: கதவோரத்து ஒட்டியைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தத்தையும் சுமையளவையும் குறிப்பிடும் ஒட்டி இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அதில் கிலோவிலும் பவுண்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் சுமைத்திறன் அந்த வரிசையிலேயே மிக அதிகமாகத் தாங்கும் வகைக்கு உரியது; உங்களுக்குப் பொருந்துவது உங்கள் கதவில் உள்ள எண்தான். நாம் பேசும் வகையில் அது பெரும்பாலும் 450 முதல் 520 கிலோவுக்குள் இருக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடையின் உச்சவரம்பு 5,600 பவுண்டு, அதாவது சுமார் 2,540 கிலோ.

500 கிலோ என்று கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பெரியவர்கள் 150 கிலோ, எஃகு முன்பம்பரும் வின்ச்சும் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் இயந்திரம்) சேர்த்து 100, முழு அடித்தகடு 60, பக்கவாட்டுப் பாதுகாப்புக் குழாய்கள் 50, பின்தொட்டியின் மேல் சட்டம் 35, கூரைக் கூடாரம் 65, குளிர்பெட்டியும் உணவும் 35, இரண்டாவது பேட்டரி 15, தண்ணீர் 40, மீட்புக் கருவிகளும் பழுதுபார்ப்புப் பெட்டியும் 40, கனமான ஐந்து டயர்களால் கூடும் எடை 30. மொத்தம் 620 கிலோ. உடை, படுக்கை, அடுப்பு எதுவும் இன்னும் ஏறவில்லை. அதற்குள் வரம்பை 120 கிலோ தாண்டிவிட்டோம். கழற்றி வைக்கும் பழைய பம்பர் போன்றவற்றால் சில கிலோ குறையலாம். அதனால் விடை மாறிவிடாது.

கனமான ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு உயரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மையன்று. பிரேக், அச்சு, சக்கர பேரிங், சேசிஸ் ஆகிய அனைத்தையும் கருத்தில் கொண்டு தயாரிப்பாளர் நிர்ணயித்த எண் அது. புது ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கம் தொங்காமல் நிறுத்தி, பார்வைக்குச் சரியாகக் காட்டுமே தவிர, பின்சக்கரத்தில் உள்ள டிரம் பிரேக்கின் ஆற்றலைக் கூட்டாது.

எனவே ஒரு தாளை எடுத்து, வாங்க நினைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் எடையை எழுதுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் டேங்கை நிரப்பிய வெறும் வண்டியை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டின் எடையும் தனித்தனியாக அச்சிட்டுக் கிடைக்கும். இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 7ஆம் படியில் இது மீண்டும் தேவைப்படும்.

படி 2: டயர்

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது டயராக இருக்கட்டும். இந்த வண்டியோடு வரும் அளவு 265/70ஆர்16, விட்டம் 30.6 அங்குலம். இதே ரிம்மில் 265/75ஆர்16 போட்டால் விட்டம் 31.6 அங்குலத்தை ஒட்டி வரும். எதையும் வெட்டவோ உயர்த்தவோ பெரும்பாலும் தேவைப்படாது. அச்சின் அடிப்பகுதி 13 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைத்துக் காட்டும். நம் இலக்குப் பயணத்துக்கு இதுவே போதும்.

285/70ஆர்17 அல்லது 285/75ஆர்16 என்று 33 அங்குலத்தை நெருங்கினால் சங்கிலித் தொடராக வேலைகள் வரும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது முன்சக்கரத்தின் பின்விளிம்பு, கேபினைச் சேசிஸோடு இணைக்கும் தாங்கியில் உரசும். அந்தத் தாங்கியின் முனையை வெட்டி, தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். உட்புற மடிப்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டி மடக்க வேண்டியிருக்கும். ரிம் வெளிப்பக்கம் தள்ளி நின்றால் உரசல் இன்னும் கூடும். இவ்வளவுக்கும் பிறகு தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் ஒரே அங்குலம். பாறைப் படிக்கட்டுகளில் அந்த ஓர் அங்குலத்துக்கு மதிப்பு உண்டு. மண்சாலைப் பயணிக்கு அவ்வளவு இல்லை.

சுமைத்தர எழுத்தையும் கவனிக்க வேண்டும். 'ஈ' தர டயர் 80 பி.எஸ்.ஐ. வரை தாங்கும், பக்கச்சுவர் தடிமனானது, எடையும் கூடுதல். 'சி' தரம் 50 பி.எஸ்.ஐ. வரை தாங்கும், எடை குறைவு, காற்றைக் குறைத்தால் எளிதில் நெகிழும். முழுச் சுமையுடனும் இவ்வண்டிக்கு 'சி' தரம் போதுமானதாக இருப்பதே வழக்கம். ஆனால் கூர்மையான கற்கள் நிறைந்த நெவாடா போன்ற இடங்களில் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் 'ஈ' தரத்தை விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது: பட்டையில் விழும் பஞ்சரை வழியில் அடைத்துவிடலாம், பக்கச்சுவர் கிழிந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும். மிதிபட்டையின் அமைப்பில் ஆல்-டெரெய்ன் வகையே பொருத்தம். மட்-டெரெய்ன் வகை ஈரச் சாலையிலும் பனியிலும் வழுக்கும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் அதிகம். வாங்குவதானால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால் நான்கு சக்கர இயக்கத்தில் டிஃபரன்ஷியலுக்கு (ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) வீண் வேலை. புதிய அளவு பின்தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் நுழைகிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: காற்றைக் குறைப்பதும் நிரப்புவதும்

செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றம் இது. டயரில் காற்றைக் குறைத்தால் அது அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் படியும். நீண்ட படிவு மணலில் புதையாது. பாறையில் ஒவ்வொரு மேட்டையும் அணைத்துப் பிடிக்கும். அலைபோன்ற வரிகள் விழுந்த மண்சாலையில் அதிர்வை வாங்கிக்கொள்ளும். சரளைச் சாலைக்கு 25 பி.எஸ்.ஐ. அளவிலும், பாறைக்கு 18 அளவிலும், ஆழ்மணலுக்கு 15 அளவிலும் தொடங்கலாம். சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அழுத்தம் குறைய வேகமும் குறைய வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் சூடேறி அழியும்.

நிரப்புவதற்கு பேட்டரியில் நேரடியாக இணைக்கும் கம்ப்ரசரை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை இந்த அளவு டயர்களுக்கு ஈடு கொடுக்காது. துல்லியமான அழுத்தமானி ஒன்று, பஞ்சர் ஒட்டும் திரிகள், வால்வைக் கழற்றும் சாவி ஆகியவை கூடவே இருக்கட்டும்.

படி 4: மீட்புக் கருவிகள்

சிக்கிய வண்டியை வெளியே எடுப்பதில்தான் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. எனவே இங்கே சிக்கனம் கூடாது.

முதலில் இழுப்புப் புள்ளிகளைச் சோதியுங்கள். முன்பக்கத்தில் சேசிஸோடு முடுக்கப்பட்ட கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் டிரெய்லர் இணைக்கும் சதுரக் குழாயில் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இணைப்பு வளையம்) பொருந்தும் எஃகுக் கட்டை ஒன்றைச் செருகிப் பூட்டிக்கொள்ளலாம். டிரெய்லர் பந்தில் கயிற்றை மாட்டி ஒருபோதும் இழுக்கக் கூடாது. அது முறிந்தால் வெடிகுண்டுச் சில்லைப் போலப் பறக்கும். இவ்வாறு மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு வண்டியால் இழுப்பதற்கு நைலானால் பின்னிய, நீளும் தன்மையுள்ள கைனடிக் கயிறு வேண்டும். வண்டி எடையைப் போல 2 முதல் 3 மடங்கு அறுபடு வலிமை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முழுச் சுமையில் உள்ள டகோமாவுக்கு 19 மில்லிமீட்டர் தடிமன் பொருந்தும். மிகத் தடித்த கயிறு நீளாது. நீளாவிட்டால் அதன் பயனே இல்லை. இரும்பு ஷேக்கிளுக்குப் பதிலாக இழையால் பின்னிய மென்மையான ஷேக்கிள்கள் இரண்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மரத்தில் கட்டும் அகலப்பட்டை, நீண்ட பிடியுள்ள மண்வெட்டி, கையுறை ஆகியவையும் தேவை.

தனியாகப் பயணம் செய்பவருக்கு வின்ச்சைவிட முதலில் தேவைப்படுவது சக்கரத்தின் அடியில் வைக்கும் பிடிமானப் பலகைகள். இரண்டு பலகையும் ஒரு மண்வெட்டியும் மணலிலும் சேற்றிலும் பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும். எடையும் 10 கிலோவைச் சுற்றித்தான். வின்ச் வேண்டுமென்று முடிவு செய்தால், வண்டியின் உச்ச எடையை ஒன்றரையால் பெருக்குவது வழக்கமான கணக்கு. 2,540 கிலோவுக்கு அது 3,810 கிலோ, அதாவது சுமார் 8,400 பவுண்டு. ஆகவே 9,000 பவுண்டு வின்ச் போதும். அந்த எண் உருளையில் முதல் சுற்றில் மட்டும் கயிறு இருக்கும்போது கிடைக்கும் விசையைக் குறிக்கிறது. மேல் சுற்றுகளில் விசை குறைந்துகொண்டே போகும். கப்பி ஒன்றைச் சேர்த்துக் கயிற்றைத் திருப்பிக் கட்டினால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். எஃகு வடத்தைவிடச் செயற்கை இழைக் கயிறு இலேசானது. அறுந்தால் அவ்வளவு சீறாது. வெயிலும் மணலும் அதை அரிக்கும் என்பதால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

வின்ச்சுக்கு முழு எஃகு பம்பர் தேவை என்பதில்லை. தொழிற்சாலை பம்பரின் பின்னே மறைந்து பொருந்தும் தாங்கிகள் கிடைக்கின்றன; அவை முன் அச்சுக்கு முன்னால் தொங்கும் எடையைக் கணிசமாகக் குறைக்கும். 2018 முதல் வந்த வண்டிகளில் முன்கிரில்லின் சின்னத்துக்குப் பின்னே ராடார் இருக்கிறது. உயர்ந்த வளைவுக் குழாய் வைத்த பம்பர் அதை மறைத்தால் தானியங்கி பிரேக் எச்சரிக்கை வேலை செய்யாமல் போகலாம்.

படி 5: அடிப்பாகத்தைக் காத்தல்

பாறைப் பகுதியில் முதலில் அடிபடுவது கதவுகளுக்குக் கீழே உள்ள விளிம்பு. பக்கவாட்டுக் குழாய்கள் சேசிஸோடு இணைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். உடற்தகட்டில் முடுக்கப்படும் அலங்காரப் படிகள் முதல் பாறையிலேயே கதவை நோக்கி மடங்கும். போல்ட் முடுக்கும் வகை, பற்றவைக்கும் வகை இரண்டும் உண்டு. பற்றவைத்தது உறுதியானது, சேசிஸில் சூடேற்றிய இடங்களைத் துருவிலிருந்து காக்க நல்ல பூச்சு தேவை. பெருநகரில் வசித்து ஆண்டுக்குச் சில முறை மட்டும் மலைக்குப் போகிறவருக்கு போல்ட் வகையே போதும்.

அடித்தகடுகளில் எஃகும் அலுமினியமும் உண்டு. எஃகு பாறைமீது வழுக்கிச் செல்லும். அலுமினியம் எடையில் குறைவு, ஆனால் மென்மை காரணமாகக் கரடான மணற்பாறையில் கொத்துப்பட்டுப் பிடித்துக்கொள்ளும். யூட்டாவின் மோவாப் ஊரை அடுத்த ஹெல்ஸ் ரிவெஞ்ச் போன்ற பாறைத்தடங்களில் அடிக்கடி ஓட்டினால் எஃகு, மற்றவர்களுக்கு அலுமினியம். எஞ்சின், கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) மூன்றுக்கும் தகடு போடலாம். ஒயிட் ரிம்முக்கு எஞ்சின் தகடு மட்டும் போதும் என்பது என் எண்ணம். எண்ணெய் மாற்றும் துளை தகட்டில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தகட்டையே கழற்ற நேரிடும்.

பின் டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை நீட்டி உயரத்தில் வைப்பது மலிவான, ஆனால் பலர் மறந்துவிடும் வேலை. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த ஓடைக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால்நிறமாகிப் பற்சக்கரங்கள் தேயும். எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயை விடவும் இது முதலில் வர வேண்டும்.

படி 6: தங்கும் வசதியும் மின்சாரமும்

கூரைக் கூடாரத்தைக் கேபினின் கூரைமீது வைப்பதைவிடப் பின்தொட்டியின் மேல், கேபின் உயரத்தைத் தாண்டாத சட்டத்தில் வைப்பது நல்லது. எடை தாழ்ந்திருந்தால் சரிவில் வண்டி சாயும் ஆபத்தும் குறையும். நெடுஞ்சாலையில் காற்றெதிர்ப்பும் குறையும். டகோமாவின் பின்தொட்டி எஃகன்று, கலப்பு இழைப்பொருளால் ஆனது. எனவே கனமான சட்டத்தை அதன் பக்கச்சுவரில் மட்டும் நிறுத்தாமல் தொட்டியின் போல்ட்டுகளுக்கு எடையைக் கடத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். தரையில் விரிக்கும் சாதாரணக் கூடாரத்தின் எடை 5 கிலோதான் என்பதையும் அந்தத் தாளைப் பார்த்து ஒருமுறை யோசியுங்கள்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பாலைநிலப் பூங்காக்களில் சொல்லப்படும் அளவு. இருவருக்கு மூன்று நாளுக்கு 24 லிட்டர். வண்டி பழுதாகி ஒன்றிரண்டு நாள் கூடினால் 40. அந்த 40 கிலோ கேபினின் பின்சுவரை ஒட்டித் தொட்டியின் தரையில் இருக்க வேண்டும், பின்கதவருகே அன்று.

12 வோல்ட் குளிர்பெட்டி பொதுவாக நாளொன்றுக்கு 300 முதல் 500 வாட்-மணி இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். வெயில் காலத்திலும் இரண்டு நாளுக்குக் கவலையில்லை. ஓடும்போது அதை நிரப்ப டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். இவ்வகை பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். யூட்டாவின் பீடபூமியில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்கு வெகுவாகக் கீழே போகும் என்பதால் குளிரில் தானே நின்றுவிடும் பாதுகாப்புள்ளதை வாங்குங்கள். எந்தக் கம்பியானாலும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வண்டித் தீவிபத்துகளுக்கு ஃபியூஸ் இல்லாத, உரசித் தேய்ந்த கம்பியும் ஒரு காரணம்.

கைப்பேசி எடுக்காத இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று தேவை. கூட்டமாகப் போகிறவர்கள் வண்டிக்கு வண்டி பேச ஜி.எம்.ஆர்.எஸ். ரேடியோவைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். தேர்வு இல்லை, பத்தாண்டு செல்லும், குடும்பம் முழுமைக்கும் ஒன்றே போதும்.

படி 7: இப்போது சஸ்பென்ஷன்

பொருள்களை ஏற்றிய வண்டியை மீண்டும் எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சில் எத்தனை கிலோ கூடியிருக்கிறது, பின் அச்சில் எத்தனை கூடியிருக்கிறது என்ற இரண்டு எண்களே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும். எப்போதும் வண்டியில் இருக்கும் எடை எது, பயணத்தின்போது மட்டும் ஏறுவது எது என்றும் பிரித்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த தனிச்சக்கர அமைப்பு. இதை உயர்த்த மலிவான வழி, ஸ்ட்ரட் எனப்படும் அந்தக் கூட்டுறுப்பின் தலையில் ஒரு வட்டத்துண்டை வைப்பது. இதைத் தவிர்க்கவே சொல்வேன்: ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே, சக்கரத்தின் மொத்த அசைவும் கூடாது, முழுவதும் தொங்கும் நிலையில் இணைப்புகள் எல்லை மீறி இழுபடும். சரியான வழி, கூடிய எடைக்கேற்ற ஸ்பிரிங்கோடு புதிய ஷாக்கைச் சேர்த்து மாற்றுவது. ஓல்ட் மேன் எமு, பில்ஸ்டைன், ஃபாக்ஸ், கிங், ஐகான் ஆகிய அனைத்தும் இவ்வண்டிக்குப் பல எடைநிலைகளில் கிடைக்கின்றன. நீண்ட மண்சாலைப் பயணத்தில் ஷாக்கின் எண்ணெய் சூடேறி அதன் பிடி தளரும். இதனால்தான் தனி எண்ணெய்க்கலம் இணைந்த வகைக்கு விலை கூடுதல். வரிகள் விழுந்த மண்சாலையை நூறு கிலோமீட்டர் விரைந்து கடப்பவருக்கு அந்த விலை தகும், மெதுவாகப் பாறை ஏறுபவருக்குத் தேவையில்லை.

எவ்வளவு உயர்த்தலாம்? முன்னால் 2 முதல் 2.5 அங்குலம். அதைத் தாண்டும்போது மூன்று தொல்லைகள் வருகின்றன. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் சி.வி. அச்சின் கோணம் செங்குத்தாகி அதன் ரப்பர் உறை கிழியத் தொடங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரம் குறையும். ஏனெனில் மொத்த அசைவில் ஒரு பகுதியை உயர்த்தலே விழுங்கிவிடுகிறது. மூன்றாவதாக, காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னே சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும், திருப்பியபின் தானாக நேருக்கு வராது. கடைசித் தொல்லைக்குத்தான் சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் கைகளுக்குப் பதிலான மாற்று மேல்கைகள். 2 அங்குலத்துக்குள் நின்றால் பல வண்டிகளில் அவையின்றியே வீல் அலைன்மென்ட் கிடைத்துவிடும். அதற்கு மேல் அவை செலவோடு செலவு. அலைன்மென்ட் செய்பவரிடம் கீழ்க்கைகளின் சரிக்கட்டும் போல்ட்டைக் கொண்டு சக்கரத்தை இயன்றவரை முன்னே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்; காஸ்டரும் கூடும், கேபின் தாங்கியில் உரசலும் குறையும்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் என்னும் கமான் பட்டைகள். தொழிற்சாலையிலிருந்து வருவது மூன்று பட்டைக் கட்டு. நிலையான சுமையில் சீக்கிரமே தொங்கும். பழைய கட்டில் ஒரு பட்டையைச் செருகுவது 50 முதல் 100 கிலோ வரை கூடும் வண்டிக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் முழுக்கட்டையே மாற்றுவது சரி. கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எப்போதும் இருக்கும் எடையைக் கணக்கில் கொள்ளுங்கள். பயணத்தின் உச்ச எடைக்கு வாங்கினால் மற்ற நாள்களில் வெறும் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். சுமைக்கேற்பக் காற்றடிக்கும் ரப்பர்ப் பைகள் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்குப் பொருத்தம். கரடுமுரடான பாதையில் அவை முழுச் சுமையையும் சேசிஸின் ஒரே புள்ளியில் இறக்குகின்றன. அளவுக்கு மீறிய சுமையோடு அப்படி ஓட்டிச் சேசிஸ் விரிசல் விட்ட பிக்கப்புகள் உண்டு.

இவ்வண்டியின் இயக்கத்தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது; நடுவில் ஒரு பேரிங் தாங்குகிறது. பின்பக்கம் உயர்ந்ததும் அதன் கோணம் மாறி, நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஒரு நடுக்கம் தோன்றலாம். நடுப்பேரிங்கைச் சிறு துண்டு வைத்துத் தாழ்த்துவதோ, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத்தகடு வைப்பதோ அதைத் தீர்க்கும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது பின் பிரேக் குழாய் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்குகளையும் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் உயர்த்திய வண்டிகள் ஏற்கெனவே போதும் என்ற அளவுக்கு இருக்கின்றன.

படி 8: கியர் விகிதமும் லாக்கும்

ஆட்டோமேட்டிக் வண்டியின் இறுதி விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல இயக்கத்தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்) 3.909. 33 அங்குல டயர் போட்டால் அது 3.66 அளவுக்கு இறங்கியதுபோல் ஆகும். ஏற்கெனவே அடிக்கடி கியர் மாற்றும் இந்த வண்டி மலையேற்றத்தில் இன்னும் தவிக்கும். 4.88 போன்ற விகிதத்துக்கு மாற்றுபவர்கள் முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். 265/75 டயரோடு நின்றவர்கள் இந்தச் செலவை மறந்துவிடலாம். இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் டி.ஆர்.டி. ஆஃப்-ரோடு வகையில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. லோ ரேஞ்சில்தான் வேலை செய்யும். அதுவும் பிரேக்கைக் கொண்டு சுழலும் சக்கரத்தை அடக்கும் மின்னணு அமைப்பும் இருக்கும்போது, முன் அச்சுக்கு லாக் வாங்குவது இந்தப் பயணத்துக்கு மிகை.

சட்டமும் உத்தரவாதமும்

உயரம், பம்பர், டயர் ஃபெண்டரை விட்டு வெளியே நிற்பது ஆகியவற்றுக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் எஞ்சினின் காற்றுப்பாதை, புகைப்பாதை உறுப்புகளை மாற்றினால் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இருக்க வேண்டும். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி வெளிக்கடை உறுப்பு பொருத்திய ஒரே காரணத்துக்காக முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. ஆனால் உயர்த்திய வண்டியில் சி.வி. அச்சின் உறை கிழிந்தால் அந்தக் கோரிக்கையை மறுப்பதற்கு நியாயம் இருக்கிறது. பில்களையும் அலைன்மென்ட் தாள்களையும் சேர்த்து வையுங்கள்.

படி 9: வெள்ளோட்டம்

வேலை முடிந்த வண்டியை நேரே ஒயிட் ரிம்முக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கிருந்து வண்டியை இழுத்து வருவதற்கு ஆயிரம் டாலருக்கும் மேல் ஆகும். வீட்டுக்கு அருகில் உள்ள மண்சாலையில், முழுச் சுமையோடு ஒரு வார இறுதி ஓட்டுங்கள். கிளம்புமுன் மேல்கை, ஷாக், கமான் கட்டின் யூ-போல்ட், பக்கவாட்டுக் குழாய் ஆகிய ஒவ்வொன்றின் போல்ட் தலையிலும் சுண்ணக்கோலால் அல்லது வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். திரும்பியதும் கோடு விலகியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது. யூ-போல்ட்டுகளைக் கோடு விலகாவிட்டாலும் சில நூறு கிலோமீட்டரில், குறித்த விசைக்கு முடுக்கும் டார்க் ஸ்பேனரால் மீண்டும் முடுக்க வேண்டும். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமர்வதால் அவை தளரும்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சி.வி. அச்சின் உறைகளைச் சுற்றி கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, முன்சக்கர உட்புறத்தில் டயர் உரசிய பளபளப்பு தெரிகிறதா, பேட்டரிக் கம்பி எந்த விளிம்பிலாவது தேய்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பின்தொட்டியில் எடுத்துக்கொண்டு போய்த் தொடாமலே திரும்பிய பொருள்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றின் எடையை அந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். ஸ்டெப்னி, மீட்புக் கருவிகள், முதலுதவிப் பெட்டி, தண்ணீர் ஆகிய நான்குக்கும் மட்டும் இதில் விலக்கு.